வளையல் அடகு வைத்த சகோதரிக்குப் பட்ட கடன்

(தஞ்சை மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

 

டாக்டர் அப்துல் கலாம் அவர்களைப் பற்றிப் பேசாத மேடை தமிழகத்தில் இல்லை. ராக்கெட்டைப் பற்றிப் பேசுவோம், அக்கினி ஏவுகணையைப் பற்றிப் பேசுவோம், ஜனாதிபதி மாளிகையைப் பற்றிப் பேசுவோம். ஆனால் அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்த ஒரு செய்தியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து முடித்த அவருக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையார் கையில் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த வளையலில் இருந்துதான் இந்த நாட்டின் ஏவுகணை புறப்பட்டது.

சரி. அந்தச் சகோதரியைப் படிக்க வைக்க யாராவது எதையாவது அடகு வைத்தார்களா? அன்றைய ராமேஸ்வரத்தில் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் இன்று அதிராம்பட்டினத்திலும், முத்துப்பேட்டையிலும், கூத்தாநல்லூரிலும், ராஜகிரியிலும், அய்யம்பேட்டையிலும் அந்தக் கேள்வி எழாமல் இருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு?

இன்னொரு பெயரைச் சொல்கிறேன். நிகர் ஷாஜி. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். 2023 செப்டம்பர் 2 அன்று விண்ணில் ஏவப்பட்ட அந்தக் கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது. அந்த அம்மையார் டெல்லியிலோ மும்பையிலோ பிறந்தவர் அல்ல. செங்கோட்டைக்காரர். தகப்பனார் கணிதம் படித்துவிட்டு விவசாயத்தை விரும்பி ஏற்றுக்கொண்டவர். மகள் உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987ல் இஸ்ரோவில் சேர்ந்தார். வயலும் வரப்புமாக வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இது நடந்திருக்கிறது. காவிரித் தண்ணீர் பாயும் பூமியில் மட்டும் ஏன் நடக்கக் கூடாது?

நம் பெண் பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளிக்கூட வாசலில் போய்ப் பாருங்கள். ஆண் பிள்ளைகளை முந்திக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான். பிறகு என்ன ஆகிறது? கணக்கும் அறிவியலும் எடுத்தால் டியூஷன் வைக்க வேண்டும், மாலையில் தாமதமாகும், கல்லூரிக்கு வெளியூர் போக வேண்டும். எதற்கு வம்பு, ஏதாவது ஒரு பிரிவில் சேர்த்துவிடுவோம், வரன் வரும் வரை போகட்டும் என்கிறோம். 'வரன் வரும் வரை' என்பது ஒரு பாடத்திட்டமா?

நம்மைக் கல்வி அறிவில்லாத சமுதாயம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், அகில இந்தியச் சராசரிக்குக் கீழே. ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். தமிழகத்தின் சராசரியோ 73.5 தான். எழுதப் படிக்க நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. ஏணியின் முதல் படியில் முந்திக்கொண்டு ஏறிவிட்டு, நான்காவது படியில் உட்கார்ந்துவிடுகிறோம். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து!

மார்க்கம் குறுக்கே நிற்கிறதா?

மேடைகளில் சிலர் 'சீனா சென்றாவது கல்வியைத் தேடுங்கள்' என்று நபி (ஸல்) அவர்கள் பெயரால் சொல்வார்கள். அது பலவீனமான செய்தி என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுங்கள், நமக்கு அது தேவையும் இல்லை. புகாரியில் ஆதாரப்பூர்வமாகப் பதிவாகியிருக்கிறது: ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டார்கள், நபியவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற நபித்தோழியர் எழுதத் தெரிந்தவர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர். வணிகப் பெருமக்களே, இஸ்லாத்தை முதலில் ஏற்ற பெண்மணி யார்? ஒட்டகக் கூட்டத்தில் சரக்கு அனுப்பி, கணக்குப் பார்த்து, முதல் போட்டு வியாபாரம் செய்த அன்னை கதீஜா (ரலி) அல்லவா?

ஆப்பிரிக்காவில் மொரோக்கோ நாட்டு ஃபெஸ் நகரில் கைரவான் பல்கலைக்கழகம் இருக்கிறது. 859ல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி, தந்தையார் விட்டுச் சென்ற வாரிசுச் சொத்தைக் கொண்டு கட்டிய பள்ளிவாசலில் தொடங்கியது என்பது வரலாற்று மரபு. தந்தை ஒரு வணிகர். மகளுக்குச் சேர்ந்த பங்கு, சமுதாயத்துக்குக் கல்விக்கூடம் ஆனது. நம்மில் எத்தனை வீடுகளில் மகளுக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்பது தனிக் கேள்வி. இப்போதைக்கு அதைத் தொடவில்லை.

தஞ்சையிலேயே நடந்த கதை

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் வல்லம். அங்கே 1988ல் பெரியார் மணியம்மை மகளிர் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. பெண்களுக்கு மட்டுமேயான உலகின் முதல் பொறியியல் கல்லூரி என்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். பெண்ணுக்கு எதற்குப் பொறியியல், கட்டடத்தில் ஏறிச் சாரத்தில் நிற்பாளா என்று பேசப்பட்ட காலம் அது. பின்னர் அது இருபாலரும் பயிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அவர்களுடைய இறைமறுப்புக் கொள்கைக்கும் நமக்கும் கிழக்கும் மேற்கும். அதில் சமரசம் இல்லை. ஆனால் நெல்லும் வெற்றிலையும் விளைகிற மாவட்டத்தில், பெண் பிள்ளை பொறியாளர் ஆக வேண்டும் என்று முதலில் ஒரு கட்டடம் எழுப்பியது யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இறைவனை நம்பாதவர்கள் கட்டிவிட்டார்கள். 'ஓது' என்ற கட்டளையோடு வேதம் இறங்கப் பெற்ற நாம் வேடிக்கை பார்த்தோம்.

முழுக்க வேடிக்கை பார்த்தோம் என்றும் சொல்லக் கூடாது. நீதிபதி பஷீர் அஹமது சயீத் 1955லேயே சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை நிறுவினார். அதே 1955ல் நம் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி பிறந்தது. எம்.கே.என். மதரஸா டிரஸ்ட் நடத்தும் கல்லூரி அது. பெயரைக் கவனியுங்கள், மதரஸா டிரஸ்ட்! மதரஸாவின் பெயரிலுள்ள அறக்கட்டளை இயற்பியலும் வேதியியலும் விலங்கியலும் கற்பிக்கிறது. தீனுக்கும் அறிவியலுக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். கீழக்கரையில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984ல் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை வண்டலூரில் தொடங்கியவர், வல்லத்தில் மகளிர் பொறியியல் கல்லூரி வந்த அதே 1988ல் தன் சொந்த ஊரில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். இரத்தின வியாபாரத்தில் சம்பாதித்தவர். ஊர்ப் பெண்கள் வெளியூர் போகத் தயங்குகிறார்கள் என்றால் கல்லூரியை ஊருக்குள் கொண்டு வா என்பது வியாபாரியின் மூளை. வாடிக்கையாளர் கடைக்கு வர முடியாவிட்டால் சரக்கை வீட்டுக்கு அனுப்ப மாட்டோமா?

ஆனால் எல்லோரும் பி.எஸ். அப்துர் ரஹ்மான் ஆக முடியாது. கல்லூரி கட்டக் கோடிகள் வேண்டும். அதைச் சொல்லியே நாம் தப்பித்துக்கொள்கிறோம். கல்லூரி கட்ட வேண்டாம் ஐயா! தஞ்சையில் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தஞ்சையில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021ல் தனிச் சட்டமே போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கினார்கள். கட்டடங்கள் தயார். நம் வீட்டு வாசலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் நம் பிரச்சினை.

சந்தையில் கேக் விற்றவர்

இந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்தே ஓர் உதாரணம். ஆன் காட்டன் என்ற பிரிட்டன் நாட்டுப் பெண்மணி 1991ல் ஜிம்பாப்வே நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு ஆய்வுக்காகப் போனார். அங்கே பெண் பிள்ளைகள் படிக்கவில்லை. அவர்களுடைய கலாச்சாரம் அப்படி என்று எல்லோரும் அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பெற்றோரைக் கேட்டால், கலாச்சாரமும் இல்லை ஒன்றும் இல்லை, பணம் இல்லை என்றார்கள். இருக்கும் பணத்துக்கு ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும், பையனுக்குத்தான் வேலை கிடைக்கும், ஆகவே பையன். ஊர் திரும்பிய அவர் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் செய்து விற்றுப் பணம் திரட்டினார். 1993ல் 32 பெண் பிள்ளைகளோடு தொடங்கியதுதான் இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் பரவி நிற்கும் 'கேம்ஃபெட்' நிறுவனம். அதில் படித்து வெளியேறிய பெண்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளைகளுக்குத் தாங்களே செலவு செய்கிறார்கள், தாங்களே பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கென்யாவின் நைரோபியில் கணினி படித்த இளம்பெண்கள் சிலர் 2010ல் சேர்ந்து, ஏழைப் பெண்களுக்கு மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுக்கும் 'அகிராசிக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

இதற்கு இப்போது சமூகத் தொழில்முனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிது, சரக்கு பழையது. நம் வக்ஃபு அதுதானே? கடையைக் கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் பள்ளிவாசலுக்கு விளக்கெரித்தவர்கள் நம் பாட்டன்மார்கள். முதல் கரையாது, வருமானம் மட்டும் செலவாகும்.

நம் ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லாமல் நகைக்கடன் தருகின்றன. கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் அங்கே போய் நிற்கிறோம். அதே அழகிய கடனைப் பெண் பிள்ளையின் படிப்புக்கு என்று தனிப் பேரேடு போட்டுத் தொடங்கலாம். கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்குப் பழக்கமான பாஷையில். அரசுக் கல்லூரியில், கலந்தாய்வில் இடம் வாங்கிய பெண்ணுக்குப் பெரிய செலவு கல்விக் கட்டணம் அல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அதிலும் சலுகை உண்டு. விடுதி, சாப்பாடு, பேருந்து, புத்தகம், ஒரு கணினி. உதாரணத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு 2 லட்சம். பத்துப் பெண்களுக்கு 20 லட்சம், நான்கு ஆண்டில் பிரித்துப் போட வேண்டியது. இந்தக் கடைத்தெருவில் நாற்பது கடைக்காரர்கள் ஆளுக்கு 50,000 போட்டால் தீர்ந்தது. வேலைக்குப் போன பெண் மாதம் 3,000 திருப்பினால் ஐந்தரை ஆண்டில் கடன் அடையும். அந்தப் பணம் அடுத்த பெண்ணுக்குப் போகும்.

உடனே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி வேலைக்குப் போகாவிட்டால் கடனை யார் கட்டுவது? நியாயமான கேள்வி. பத்தில் இரண்டு பேர் கட்ட முடியாமல் போகட்டும். 4 லட்சம் வராது. உங்கள் கடையில் வராக்கடன் இல்லையா? பெருநாளுக்குத் துணி எடுத்துவிட்டு அடுத்த பெருநாள் வரை காசு தராதவர் இல்லையா? அதற்காகக் கடையை மூடினோமா? அந்த 4 லட்சத்துக்கு ஸதகாவில் ஓர் ஒதுக்கீடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணப் பேச்சின்போது கடனைச் சொல்லி அந்தப் பெண்ணை அவமானப்படுத்தக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

ஜகாத்தையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினர் குர்ஆனில் வரையறுக்கப்பட்டவர்கள். படிக்கும் பெண் ஏழையாக இருந்தால் ஜகாத்தைக் கொடுக்கலாம்; அது கடன் அல்ல, அவளுடைய உரிமை. கட்டடம், ஆய்வுக்கூடம், வேன் இவற்றுக்கு ஜகாத்தைத் தொட வேண்டாம், அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. கணக்கு தனித்தனியாக இருக்கட்டும், ஆண்டுக்கொரு முறை தணிக்கை செய்து பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படட்டும். நம் சமுதாயத்தில் நல்ல காரியங்கள் பல நின்று போனது பணம் இல்லாமல் அல்ல, கணக்குக் காட்டாமல்.

வேன் என்றேனே, அது சின்ன விஷயமாகத் தெரியலாம். வங்காளத்தில் பேகம் ரொக்கையா என்ற பெண்மணி, கணவர் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு 1911ல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கெஞ்சினார். பிள்ளைகளை அழைத்து வரத் திரை போட்ட வண்டி ஏற்பாடு செய்த பிறகுதான் பலர் அனுப்பினார்கள். நூறு வருஷம் கழித்தும் நம் கதை அதுதான். பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பெண்களுக்காவது தஞ்சை போக ரயில் பாதை வாசலில் ஓடுகிறது. கடற்கரை ஊர்களிலிருந்து தஞ்சைக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், பட்டுக்கோட்டையில் இறங்கி ஏறி. மார்கழி மாதத்தில் விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்ப வேண்டும் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். தாயைத் திட்டாதீர்கள். தஞ்சையில் தொழுகை இடத்தோடும், பொறுப்பான பெண் காப்பாளரோடும் ஒரு மாணவியர் விடுதி இருந்தால் அந்தத் தாயின் அச்சம் பாதி தீரும்.

வியாபாரிகளுக்கு இதில் இலாபம் இல்லையா? உண்டு. அரிசி ஆலை, எண்ணெய் செக்கு, பேக்கரி, மசாலா என்று உணவுத் தொழிலில் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உற்பத்தியை மேற்பார்வையிட அறிவியல் படித்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வேண்டும் என்பது உரிம நிபந்தனை. வெளியூரிலிருந்து ஆளைத் தேடுகிறீர்கள். உங்கள் மகள் நுண்ணுயிரியலோ உணவுத் தொழில்நுட்பமோ படித்திருந்தால்?

இளைஞர்களே, உங்களிடம்

பிளஸ் டூ முடித்ததும் பாஸ்போர்ட் எடுத்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிறீர்கள். உங்கள் வியர்வையை மதிக்கிறேன். இந்த ஊரின் மாடி வீடுகள் அந்த வியர்வையில் எழுந்தவை. ஆனால் பெண் பார்க்க வரும்போது 'அதிகம் படித்த பெண் வேண்டாம்' என்று சொல்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தை இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளின் புத்தகத்தை மூட வைக்கிறது தெரியுமா? மகளைப் படிக்க வைக்க விரும்பும் தகப்பன், நாளை மாப்பிள்ளை கிடைக்காதோ என்று பயந்தே நிறுத்துகிறான்.

கைக்கூலியைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் இந்த உரை அரைகுறை. நம் கடலோர ஊர்களில் பெண்ணுக்கு வீடே கொடுக்க வேண்டும். மூன்று பெண் பிறந்தால் மூன்று வீடு. பிறந்த நாளிலிருந்து தகப்பன் செங்கல் எண்ணுகிறான். பதினைந்து இருபது வருஷம் பாலைவனத்தில் கிடந்து சேர்த்ததெல்லாம் அந்தச் சுவரில் போகிறது. அந்தச் சுவரின் ஒரு பக்கத்துச் செலவில் அந்தப் பெண்ணை நான்கு வருஷம் பொறியியல் படிக்க வைத்துவிடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது பார்த்தோம், ஒரே இரவில் சொத்து போவதை. படிப்பை எந்தப் புயல் சாய்க்கும்? மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு வீடு வாங்கி மணமுடிக்கிற நீங்கள் மாறாதவரை, இங்கே போடும் எந்தத் திட்டமும் பாதிதான் ஓடும்.

அரசாங்கங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2022ல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மையினர் கல்வி உதவித் தொகையை மத்திய அரசு நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகைத் திட்டத்தைக் கைவிட்டது. 2024 பிப்ரவரியில் மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையையே கலைக்க உத்தரவிட்டது. மாணவிகளுக்கான பேகம் ஹஸ்ரத் மஹல் உதவித்தொகையை வழங்கி வந்தது அந்த அறக்கட்டளைதான். கர்நாடகத்தில் 2022ல் தலையில் முக்காடு போட்ட ஒரே காரணத்துக்காகத் தேர்வு எழுத வந்த பிள்ளைகள் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். பெண் கல்வி என்று மேடையில் முழங்கிவிட்டு வாசலை மூடுகிறவர்களை எதிர்த்துப் போராடுவது நம் கடமை. ஆனால் கிடைத்ததைப் பயன்படுத்துகிறோமா? 2007ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இட ஒதுக்கீட்டில் நம் பெண்கள் எத்தனை பேர் பொறியியல் இடம் எடுக்கிறார்கள் என்று எந்த ஜமாஅத்தாவது கணக்கு வைத்திருக்கிறதா? 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கித் தர ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞர்கள் போதும். தேர்தல் நேரத்தில் பூத் சிலிப் எழுதத் தெரிந்த உங்களுக்கு இது எழுதத் தெரியாதா?

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1938ல் நாவல் எழுதி வெளியிட்டார். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கே அவ்வளவு என்றால், நம் கண் முன்னால் பன்னிரண்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் கணக்கை யார் எழுதுவது?

இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் இரண்டு நோட்டுகள் வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் அழகிய கடன் தர விரும்பும் வணிகர்கள் பெயரும் தொகையும் எழுதலாம். சிறு தொகையானாலும் சரி. இன்னொன்று, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் நம் பெண் பிள்ளைகளின் பட்டியலுக்கு. தெருவாரியாக எடுத்து வர இளைஞர்கள் பெயர் கொடுங்கள். பட்டியல் மே மாதத்துக்குள் தயாராக வேண்டும், கலந்தாய்வு விண்ணப்பம் நமக்காகக் காத்திருக்காது. தாய்மார்கள் விடுதி பற்றித் தங்கள் யோசனைகளை எழுதியும் அனுப்பலாம்.